பனிக்கட்டிக்குப் போட்ட ஸ்வெட்டர்

அன்புள்ள அம்மா,

எனக்கு ஜலதோஷம்கூட இல்லை. உன் முழங்கால் வலி தேவலையா? நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை நேற்று ஒரு பனிக்கட்டிக்குப் போட்டுவிட்டேன். திட்டாதே, முழுதும் கேள்.

எங்கள் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும், "பனியே பாக்காத ஊர்லேருந்து வந்தவங்க குளிர்காலப் பாடம் எடுக்கறதா? வேற யாராவது எடுக்கட்டும்" என்றார். உன் மகள் விடுவாளா? "நான்தான் எடுப்பேன்" என்று வகுப்புக்கு நடந்துவிட்டேன். அவரும் பின்னாலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மேசைமேல் இரண்டு பனிக்கட்டிகளை வைத்து, ஒன்றை மட்டும் ஸ்வெட்டரால் சுற்றினேன். எது முதலில் கரையும் என்று கேட்டேன். "ஸ்வெட்டர் போட்டதுதான் மிஸ், அதுக்குச் சூடா இருக்குமே!" என்று இரண்டாம் வகுப்பே கத்தியது. தலைமையாசிரியையும் தலையாட்டினார்.

மத்தியானம் பார்த்தால், சும்மா கிடந்தது தண்ணீராகிவிட்டது. ஸ்வெட்டருக்குள் இருந்தது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. முன்பல் விழுந்த வாண்டு ஒருத்தி பின்னால் திரும்பி, "ஸ்வெட்டர் சூடு குடுக்காது மிஸ், வெளிச் சூட்டை உள்ள விடாது, அவ்ளோதான்" என்று தலைமையாசிரியைக்கே விளக்கினாள். அவர் எழுந்து போனார். இனிக் குளிர்காலப் பாடத்தை என்னிடமிருந்து யார் பிடுங்குகிறார்கள், பார்க்கிறேன்.

ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை. நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காதே. பாடத்துக்குத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை. மணி அடித்துவிட்டது.

உன் மகள்