உன் கூட்ஸ் வண்டி ஓடியது

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். இதை நீ உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உடம்பு எப்படி இருக்கிறது? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? ராத்திரி ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடாதே. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அவனும் நலம்தான்.

முதலில் நல்ல சேதி. உன் கூட்ஸ் வண்டி மாடல் ரயில் கண்காட்சியில் ஓடியது. முழு வண்டியும் ஓடியது. கடையில் வாங்கிய பெட்டி ஒன்றுகூட அதில் இல்லை.

கோர்ட்டில் எல்லாம் முடிந்து நீ கிளம்பிய பிறகு உன் மாடி அறை பூட்டியே கிடந்தது. நீ முடித்த பெட்டிகள் அலமாரியில் நின்றன. முடிக்காத நாலும் மேசைமேல், சக்கரம் இல்லாமல், சுவர் இல்லாமல், கூரை இல்லாமல் கிடந்தன. பார்சலில் அனுப்பட்டுமா என்று நான் கேட்டபோது, ஒற்றை அறையில் எங்கே வைப்பது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய். சரி என்றேன். கொடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் மாடல் ரயில் கிளப் செயலாளர் வந்தார். நீ 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர் வைத்தாயே, அவரேதான். குப்பைக்குப் போன பிளாஸ்டிக்கிலேயே ஒரு முழுக் கூட்ஸ் வண்டி செய்து தருவதாக நீ ஒப்புக்கொண்டிருந்தாயாம். கண்காட்சிக்கு நோட்டீஸ்கூட அடித்துவிட்டாராம். இருக்கிற பெட்டிகளைக் கொடுங்கள், மீதியைக் கடையில் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். உன்... என் மகன் படியில் நின்றபடி, "எடுத்துட்டுப் போகட்டும்மா. அந்த ரூம் சும்மாதானே கெடக்கு" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கதவைத் தாண்டித்தான் அவன் தினமும் மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. "கடைப் பெட்டி எதுவும் வேண்டாம். என் மருமக ஒத்துக்கிட்டது முழுசா இந்த வீட்டுலேருந்தே வரும்" என்று சொல்லிவிட்டேன். "யார் செய்வாங்க?" என்றார் அவர். "நான்தான்" என்றேன். என் மகன் சிரித்துவிட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

காலமெல்லாம் துணி வெட்டிய கை, பிளாஸ்டிக் எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஹோட்டல் பார்சல் டப்பா மூடியை வெட்டி, உன் பசையைத் தடவி, அழகாக ஒரு பக்கச் சுவர் ஒட்டி வைத்தேன். காலையில் எடுத்தால் கையோடு பிரிந்து வந்துவிட்டது. அடுத்த மூடியும் அப்படியே. பசைதான் கெட்டுப்போய்விட்டது என்று அதன்மேல் பழியைப் போட்டேன். அப்புறம் உன் சாமான் பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கப், பழைய சிடி உறை, ஏதோ ஒரு தட்டின் உடைசல். எண் தெரிந்ததில் எல்லாம் முக்கோணத்துக்குள் ஆறு. என் மூடியைத் திருப்பினேன், ஐந்து. பிளாஸ்டிக் ரகமே வேறு, உன் பசை ஆறில்தான் பிடிக்கும். அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யார் வீட்டுக் குப்பையையும் நீ கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பாயே, சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறாய் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுத்தாள். அடியில் என்ன எண் என்று தூக்கிப் பார்த்தேன். டீ முழுக்க மடியில்.

வெட்டுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோடு மட்டும் கிழித்துவிட்டு ஒடிக்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட நாளாகிவிட்டது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துக்கொள்ளலாம், இதில் அந்தச் சலுகை கிடையாது. பழைய ஃபிரிட்ஜ் கதவின் பிளாஸ்டிக் உள்தகடு ஒன்று மெக்கானிக்கிடம் கிடைத்தது. அந்த ஒரு தகட்டிலேயே நாலு பெட்டிக்கும் சுவர் தேறிவிட்டது.

ஆனால் பெட்டிச் சுவரில் ஆணித்தலை மாதிரி வரிசையாக வருமே, அந்த ரிவெட் விஷயத்தில் உன்னை ஜெயித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்வாய். எங்கள் தையல் வேலையில் துணிமேல் அடையாளம் போட ஒரு சின்னப் பல் சக்கரம் உண்டல்லவா, ஸ்கேலை ஒட்டி அதைத் தகட்டின் பின்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். முன்பக்கம் வரிசையாகப் புள்ளி எழும்பி நின்றது, மிஷின் தையல் மாதிரி. மூக்குக்கண்ணாடி வந்து பார்த்துவிட்டு, "எங்க கிளப்ல யாருக்கும் இது தோணலையே" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

கண்காட்சி அன்று என் மகன்தான் காரில் கொண்டுபோனான். ஒவ்வொரு பெட்டியையும் என் வெட்டுத் துணியில் சுற்றி, பின்சீட்டில் அடுக்கி, பள்ளத்தில் எல்லாம் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். ஹாலில் முதல் ஓட்டம். உன் பெட்டிகள் வளைவில் ஒழுங்காகத் திரும்பின. என் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து படுத்துக்கொண்டன. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "முன்னாடி இருக்கிறதை மட்டும் ஓட்டிக்கலாங்க, தப்பில்ல" என்று மூக்குக்கண்ணாடி ஆறுதல் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உன் பெட்டி ஒன்றை ஒரு கையிலும் என் பெட்டியை மறு கையிலும் எடுத்தேன். உன்னுடையது கனத்தது. என்னுடையது வெறும் கூடு. உள்ளே எடை வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கைப்பையைத் துழாவினேன். தையல்காரி பையில் நூல் சுற்றும் இரும்பு பாபினுக்கா பஞ்சம். கூரையைக் கழற்றி, பெட்டிக்கு இரண்டாகப் படுக்கவைத்தேன். என் மகன் பக்கத்தில் நின்று டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான்.

மறுபடி விட்டார்கள். வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், கடைசிப் பெட்டி பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. முன்னால் உன்னுடையவை, பின்னால் என்னுடையவை, ஒரே வண்டியாக. அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசைமேல் வைத்த அட்டையில் மூக்குக்கண்ணாடி என் பெயரை மட்டும் எழுதியிருந்தார். நீ சந்தா கட்டவில்லையாம், உறுப்பினர் இல்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன், "அவ பேருதான் மொதல்ல வரணும். அது அவ வண்டி" என்றான். பேனாவை வாங்கி அவனே எழுதினான். மேலே உன் பெயர், கீழே என் பெயர்.

பரிசுக்கு மதிப்பெண் போட வந்த அம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல ரெண்டு கை தெரியுது" என்றார். மார்க் போச்சு என்று நினைத்தேன். என் பெட்டிகளைக் காட்டச் சொல்லி, ரிவெட் வரிசையை விரலால் தடவினார். அட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எத்தனை வருஷமா சேர்ந்து செய்றீங்க?" என்று கேட்டார். "இப்பதாங்க ஆரம்பிச்சிருக்கோம்" என்றேன்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய நீராவி எஞ்சினை நானும் பார்த்தேன், நியாயம்தான். கோப்பை உன் அலமாரியில் இருக்கிறது. அறையைத் திறந்து போட்டிருக்கிறேன், காற்று வரட்டும் என்று.

இதைப் படித்துவிட்டு, மகனுக்காகத் தூது வருகிறேன் என்று நினைத்துவிடாதே. நீங்கள் இருவரும் யோசித்து எடுத்த முடிவு அது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டது நீயும் அவனும்தான். நான் எங்கேயும் போடவில்லை.

அடுத்த வருஷத்துக்கு எண்ணெய் டாங்கர் வண்டி கேட்கிறார்கள். உருளையாக வளைப்பது எனக்கு வரவில்லை. மாத்திரைக் குழாயை வெட்டினேன், கீறல் விட்டுவிட்டது. அங்கே உன் ஒற்றை அறையில் மேசை ஓரம் கொஞ்சம் இடம் இருந்தால், ஒன்றே ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வா. அனுப்பாதே, வா. லீவு கிடைக்கும்போது போதும்.

போன தடவை போனில் "அத்தை" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டாய். அதற்கப்புறம் அந்த வார்த்தையைக் காணவே இல்லை. நீ எங்கே இருந்தாலும், நாளைக்கு யாரோடு வாழ்ந்தாலும், நன்றாக இருக்க வேண்டும். கண்ணைப் பார்த்துக்கொள். என்னை மட்டும் பழையபடியே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தை