நாற்பத்தொன்றாம் கலத்தில் நின்ற நிரல்

வெண்திரை நாட்டின் மூன்று கரைகளையும் குடைக்கீழ்க் காக்கும் முத்தொளிர்க் கோமானின் திருமுன், ஆம்பல்துறை அமைச்சன் நக்கன் பரிதி வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை பிழையாதிருக்க. அரண்மனையில் அனைவரும் நலமாயிருக்க.

திருவுள்ளம் அறிந்ததே: கடலிலுள்ள கலங்களின் பட்டியலைத் தலைநகரத்துச் சர்வர் நாள்தோறும் ஜேசன் என்னும் தரவு வடிவில் துறைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு கலத்துக்கும் பெயர், தலைவன், நிற்குமிடம் என மூன்று செய்திகள். துறைக் கணினியிலுள்ள ஜாவா மொழி நிரல் அதைப் பிரித்து, முதற்கலம் தொட்டு ஒவ்வொன்றாய்ச் சுற்றிவந்து, புயலென்றால் கரை திரும்ப அழைக்கும்.

நேற்று விடியலில் புயல் அறிவிப்பு வந்தது. அறுபத்துமூன்று கலங்களில் நாற்பதை அழைத்த நிரல், நாற்பத்தொன்றில் விழுந்தது. அக்கலத்தின் தலைவன் சென்ற திங்கள் இறந்தான். நாற்பது நாள் அவ்விடத்தில் வேறு பெயர் எழுதாதிருப்பது இத்துறையின் வழக்கம். பெயரிருக்க வேண்டிய இடத்தில் வெறுமை கண்ட நிரல் பிழையென்று கூவி நின்றது. பின்னிருந்த கலங்களை எட்டியும் பார்க்கவில்லை.

இவ்வோலை விடுக்கும் அமைச்சன், இறந்தவனின் மனைவி நொச்சியிடம் ஓடினான். நாற்பது நாள் பொறுக்க உங்கள் பெட்டிக்கு வலிக்கிறதோ என்று கேட்ட அவள், உடனே தன் பெயரையே எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஆனால் தலைவர் பெயரை மாற்றவும், முத்திரையிட்ட நிரலில் ஒரு வரி சேர்க்கவும் அரச ஆணை வேண்டும். பட்டியல் வரும் வழியில் இங்கிருந்து எதுவும் போகாது; ஆணை கேட்கக் குதிரை போய்த் திரும்ப நான்கு நாள். புயலுக்கோ ஒரே நாள்.

ஐம்பத்தெட்டாம் கலத்தில் அமைச்சனின் மகள் வெண்ணி இருக்கிறாள். அதை மறைத்தால் இவ்வோலை பொய்யாகும். அவள் நிற்குமிடம் பட்டியலில் அவன் கண்ணெதிரே எழுத்தாய் இருந்தது. அவளைக் கூப்பிட அந்நிரலன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

நண்பகல் கடந்தபின் முத்திரையை உடைத்தான். தலைவன் பெயர் வெறுமையாயினும் அழைத்துவிட்டு அடுத்ததற்குச் செல் என்று ஒரு வரி சேர்த்தான். எஞ்சிய இருபத்துமூன்றுக்கும் அழைப்புப் போயிற்று. பதினான்கு கலங்கள் மறுமொழி தந்தன. ஒன்பது தரவில்லை, ஐம்பத்தெட்டும் அவற்றுள் ஒன்று.

முத்திரையை உடைத்ததற்காக அமைச்சன் மன்னிப்பு வேண்டவில்லை. உடைக்க அஞ்சி அதன் முன் அரை நாள் அமர்ந்திருந்தானே, அதற்குத் தண்டனை வேண்டுகிறான்.

முத்திரையை உடைத்தவன் இனி முத்திரை இடலாகாது என்பதால், இவ்வோலையில் அதற்கு மாறாக அவன் பெருவிரல் பதிந்துள்ளது. அரச ஆணையுடன் அவனிடத்துக்கு வேறொருவர் வரும்வரை அவன் துறைக்கு இட்ட கட்டளை இது: அவ்வொன்பதும் கரை சேரும்வரை, மறுமொழி வராவிடினும், நிரல் மீண்டும் முதலிலிருந்து சுற்றி அழைத்துக்கொண்டே இருக்கட்டும்.