பீரோவுக்குள் இருந்த பெட்டி

போசரி, புனே

அன்பு மகள் நிதாவுக்கு வாப்பாவின் ஸலாம். இறைவன் கிருபையில் நானும் உன் உம்மாவும் சுகம், அங்கே குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

இது நானே என் கையால் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த எழுத்தெல்லாம் இதோ வேலைக்கு வந்துவிட்டது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. நீயும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதனால் இருவருக்கும் ஒரே வேகம். போனில் சொல்லலாமே என்பாய். போன் உம்மா கையில் இருக்கிறது, விஷயமோ அவளைப் பற்றியது. எதிர்க்கடை யூசுஃப் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம், வருமானம் குறைந்தவர்களுக்கான இன்ஜினியரிங் என்று சொல்கிறேன். அது நாமதானே, நம்மளப் படிக்க ஜெர்மனி எதுக்கு என்கிறான் யூசுஃப். அவனுக்குப் பதிலை நீயே எழுது. அது கிடக்கட்டும். உன் சிநேகிதன் அனிருத் வந்து நம் தகரக் கூரைக்கு அடியில், வெயில் சூடு இறங்காமலிருக்க நீ சொன்ன அட்டையை அடித்து, சூட்டை அளக்கிற சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான் அல்லவா. மாதம் ஒருமுறை வந்து அதில் பதிந்ததை எடுத்து உனக்கு அனுப்புகிறான். போன வாரம் நீ போனில், வாப்பா, நம்ம வீட்ல மத்தியானம்கூட சூடே ஏறல, ப்ரொஃபஸருக்கே ஆச்சரியம், இத வச்சுத்தான் என் ஆய்வு, அடுத்து தெரு முழுக்க இந்த அட்டைதான் என்றாய். எனக்குக் குழப்பமாகிவிட்டது. பனியன் நனைந்து முதுகில் ஒட்டுகிறது, இவள் சூடு ஏறவில்லை என்கிறாளே, வயதாகி எனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று நினைத்தேன். பெட்டியைப் பார்க்கப் போனால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. உம்மாவைக் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து, உன் நிக்காஹ்வுக்கென்று எடுத்து வைத்த பட்டுகளுக்கு நடுவிலிருந்து, துண்டில் சுற்றிய பெட்டியை எடுத்துக் காட்டினாள். "அந்தப் பையன் நம்பிக் குடுத்துட்டுப் போன சாமான். தாளிக்கிற புகை பட்டு, பல்லி ஏறி ஏதாச்சும் ஆயிட்டா நிதா அவன் முகத்துல எப்படி முழிப்பா" என்கிறாள். அனிருத் வருகிறேன் என்று போன் செய்தால் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டுவாளாம். அவனும் எவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க என்று மெச்சிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறான். வெறும் ஆணியை இதற்கு முன்பும் நான் பார்த்திருக்கிறேன், அவன் வரும் நாளில் மாட்டுவதுதான் முறை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஆகவே மகளே, உன்னிடம் இருப்பது பீரோவின் சூடு, வீட்டின் சூடு இல்லை. அதை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்றுவிடாதே, தெருக்காரர்களிடமும் அட்டையைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே. இன்று பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டேன். ஆனால் அட்டையால் பலன் உண்டா என்றால் அதுவும் எனக்குப் புரியவில்லை. போன கோடையில் உம்மா மத்தியானம் ஆனால் பக்கத்து மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுப்பாள். இந்தக் கோடையில் வீட்டை விட்டு நகரவில்லை, நன்றாகவே தூங்குகிறாள். வீடு குளிர்ந்ததாலா, பீரோவுக்குக் காவலா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதை ஆய்வில் எந்த இடத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியலாம்.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வான். வேளைக்குச் சாப்பிடு. உம்மாவை ஏசாதே. முக்கியமாக, இனிமேல் அனிருத்தைப் போன் செய்யாமல் வரச் சொல்.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுவிட்ட உன் வாப்பா,
மு. கலீல்