அமாவாசைக்காக மாற்றிய நாள்

சனிக்கிழமை, ரானுயி

வடக்கே இருக்கும் எங்கள் காட்டைப் பன்றி வேட்டைக்குக் குத்தகை விட்டிருக்கிறோம். யார் என்றைக்குப் போகலாம் என்று இங்கிருந்து போனில் சொல்வது நான்தான். நேற்று அமாவாசை. உயிர்க்கொலை வேண்டாமென்று நேற்று போகவேண்டிய டேவ் என்ற வேட்டைக்காரனின் ஆட்களை இன்றைக்கு மாற்றினேன். இன்று இன்னொரு கூட்டத்தையும் வரச் சொல்லியிருந்தது காலையில்தான் உறைத்தது.

"அந்த ஆளுங்களுக்குத் தேதிகூடவா தெரியாது? ரெண்டு பக்கமும் துப்பாக்கிம்மா!" என்று மகன் செந்தில் கத்தினான். இரண்டு கூட்டமும் இன்றைக்கே போயிருப்பதை மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்; தேதியை மாற்றியதை மறைத்துவிட்டேன்.

காட்டுக்குள் சிக்னல் கிடையாது. பகல் முழுக்க போன் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்கு டேவ் கூப்பிட்டான். இரண்டு கூட்டமும் காட்டு கேட்டிலேயே சந்தித்து, கூட்டத்துக்கொரு மலைச்சரிவாகப் பிரிந்து போனார்களாம். எல்லோரும் பத்திரம்.

"அவங்க மேல தப்பில்லடா. நான்தான் தேதிய மாத்திட்டேன்" என்றேன் செந்திலிடம்.

"சரி, போய்ப் படும்மா" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை.