திருச்சியில் தொழப் போன காக்காவுக்கு

என் உசிருக்கு உசிரான காக்கா,

உங்களுக்கு எந்த ஸலாம் சொல்றதுன்னு தெரியாம பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். வீட்டு வாசல்ல நின்னு சொல்ற ஸலாமா, கபுறடியில நின்னு சொல்ற ஸலாமா? கூடப் பிறந்த அண்ணனுக்கு ஸலாம் சொல்லத் தெரியாத தம்பி இந்த மாத்தளையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

உங்க மகள் நபீஸாவுக்குக் கலியாணம் பேசியாச்சு. மாப்பிள்ளைக்கு ஊர் கலேவெல, வெங்காயமும் மிளகாயும் மொத்தமா எடுத்து விற்கிற குடும்பம். பையன் நல்லவன், வாயைத் திறக்கிறதே அபூர்வம். அதுக்கும் சேர்த்து உங்க மகள் பேசிக்குவா. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிகாஹ். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். நேரே சொல்ல நாக்கு எழும்ப மாட்டேங்குது, அதனால சுத்தி வளைச்சு வாறேன்.

இத்தனை வருஷமா அந்த நாளையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். நாகூர்ல நேர்த்திக்கடனை முடிச்சுட்டோம், கப்பலேற இன்னும் நாள் கிடந்துச்சு. "திருச்சிக்குப் போய் மகளுக்கு நல்லதா ரெண்டு புடவை எடுத்திட்டு ராவைக்கே திரும்பிடலாம், வாடா"ன்னு கிளப்பினது நீங்கதான். ஏதோ கண்டிக்குப் போய் வர்ற மாதிரி பேசினீங்க. அது வேற நாடுங்கிறதே நம்ம ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு.

புடவைக் கடையில இருக்கும்போது மத்தியான லுஹர் பாங்கு கேட்டுச்சு. உடனே கோட்டைக் கழற்றி என் கையில தந்தீங்க. பாஸ்போர்ட், காசு, எல்லாம் அதுக்குள்ளதான். உசிருள்ளதோட உருவப்படம் போட்ட எதையும் உடம்புல வெச்சுக்கிட்டு நீங்க தொழ மாட்டீங்களே. நம்ம கடையிலயும் ராணி தலை போட்ட நோட்டையெல்லாம் பாக்கு மூட்டை மேல வெச்சிட்டுத்தானே பள்ளிக்குக் கிளம்புவீங்க. அன்னைக்கும் நான் கிண்டல் பண்ணினேன், "இது இந்தியா, இங்க நோட்டுல வெறும் சிங்கம்தான் ஈக்கு"ன்னு.

"சிங்கத்துக்கு உசிரில்லையாடா?"ன்னு சிரிச்சீங்க. "நான் தொழுதிட்டு வாறேன், பிறகு நீ போ."

அவ்வளவுதான் காக்கா. நீங்க வரலை.

கடைக்காரர் காட்டின பள்ளிக்கு ஓடினேன், அங்க யாரும் உங்களைக் காணலை. பக்கத்துத் தெருவுல இன்னொரு பள்ளி இருந்ததை அந்த மனுஷன் சொல்லவே இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன், திரும்பக் கடைக்கு வந்தேன், கடைசியில போலீசுக்குப் போனேன். ஒரு சிலோன்காரன், கையில ரெண்டு பாஸ்போர்ட். கள்ளக்கடத்தல்காரன்னே முடிவு பண்ணிட்டாங்க. அதுல படம் இருக்கு, அதனால தொழப் போறப்போ கழற்றித் தந்தார்னு சொன்னா எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? ஒரு பெஞ்சைக் காட்டி உட்காருன்னாங்க.

நான் அங்க உட்கார்ந்திருக்கும்போது அந்த மற்றப் பள்ளியில வேற ஒரு காரியம் நடந்துக்கிட்டிருந்துச்சு. லுஹர்ல ஸுஜூதுக்குக் குனிஞ்ச ஒரு மனுஷர் எழும்பவே இல்லை. சட்டைப்பையில ஒரு துண்டுக் கடதாசி இல்லை. யாரோ வழிப்போக்கர்னு நினைச்சு, அந்தச் சனம் குளிப்பாட்டி, கபனிட்டு, சாயங்கால அஸர் தொழுத கையோட அடக்கிட்டாங்க. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாதே. நம்ம பக்கத்து யட்டவத்தச் சந்தையில பேரு ஊரு தெரியாத ஒருத்தர் விழுந்து மவுத்தானப்போ, நீங்களே முன்னுக்கு நின்னு அன்னைக்கே அடக்கலையா? பிறகு நான் யார் மேல கோபப்படுறது?

பொழுது அடைஞ்சு மஃரிபு நேரத்துக்குத்தான் என்னை விட்டாங்க. விசாரிச்சு அந்தப் பள்ளிக்குப் போனா, அங்க ஒரு சோடி செருப்பை எடுத்து வெச்சிருந்தாங்க. உங்களுடையதுதான், மாத்தளையில தைச்சது. பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். குளிப்பாட்டின ஒருத்தர் இவர்தான்னார். மற்றவர் இல்லவே இல்லைன்னார். நீங்க தாடி வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் அது. இன்னொரு தடவை படம் எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு அதே பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சீங்களே. மூடின கபுறைத் தோண்டச் சொல்ற துணிவு எனக்கு இல்லை.

உங்க வீட்டுக்காரி, என் மச்சி, நம்பலை. செருப்பைக் கொண்டுவந்து முன்னால வெச்சேன், தொடக்கூட இல்லை. "பள்ளியில செருப்பு மாறாத ஊர் ஒண்ணைக் காட்டுங்க தம்பி. அவர் வேற யாருடையதையோ போட்டுக்கிட்டு வழி தப்பிப் போயிட்டார்"னு சொன்னாங்க. புருஷன் மவுத்தானா இருக்க வேண்டிய இத்தா இருக்கலை, வெள்ளை உடுத்தலை. இன்னும் ராச்சோறு ஒரு கோப்பை உங்களுக்குன்னு மூடி வைக்கிறாங்க. நான் மட்டும் என்ன பெரிய புத்திசாலியா? கண்டி பஸ் வந்து நின்னா, இறங்குற சனத்தைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துட்டுத்தான் கல்லாவுல உட்காருறேன்.

இதுல நசுங்கினது உங்க மகள்தான். வாப்பா ஹயாத்தா இருந்தா அவர்தான் மகளைக் கொடுக்கணும். அவர் இல்லைன்னாத்தான் நான் பொறுப்பாளியா, வொலியா நின்னு கொடுக்கலாம். நிகாஹ் நடத்தி வைக்கிற காதியார் பட்டுன்னு சொல்லிட்டார்: "மவுத்துன்னா மவுத்துன்னு சொல்லுங்க. வருவார்னா காத்திருங்க. ரெண்டையும் பேச ஏலாது." இந்த இடத்துக்கு வந்துதான் ஒவ்வொரு சம்பந்தமும் திரும்பிப் போச்சு.

ஒரு நாள் நபீஸா கடைக்கே வந்துட்டா. "சாச்சா, உம்மாவுக்காக நான் இப்படியே ஈக்கவா? நீங்க உங்க மனசுல உள்ளதைச் சொல்லுங்க, வாப்பா வருவாரா?" மிளகை அளந்துக்கிட்டே இருந்தேன், காக்கா.

முந்தாநாள் மச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. கதவுக்குப் பின்னால நின்னுதான் பேசினாங்க. "சொல்ல வேண்டியதைப் பள்ளியில சொல்லுங்க, தம்பி. மகள் வாழட்டும். அந்தப் பேச்சை இந்த வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீங்க." எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அவங்க காத்திருந்துக்கலாம், நான் மட்டும் முடிச்சுவைக்கணுமா? திரும்பிக் கடைக்கு வந்துட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சபையில காதியார் கேட்பார், பெண்ணோட வாப்பா எங்கேன்னு. திருச்சிக்காரங்க யாரோ ஒரு வழிப்போக்கரைத்தான் அடக்கினாங்க. பேர் சொல்லி உங்களை மவுத்தாக்கப் போறவன் நான்தான், காக்கா.

திக்காமச் சொல்லுவேன். மகளோட நிகாஹுல நாளைக்கு ஒருத்தரும் ஒரு குறை சொல்ல இடம் வைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு. அதுக்குப் பிறகு என்னைக்காவது நீங்க வந்து நின்னா, நாலு பேருக்கு முன்னால என்னைச் செருப்பால அடியுங்க. சந்தோஷமா வாங்கிக்குவேன்.

உங்க மகளை உங்க இடத்துல நின்னு கொடுக்கப் போற,
உங்க தம்பி