நாற்பத்தேழாம் டப்பா

நொங் புவா,
முதல் மழைக்கு மறுவாரம்

அன்புத் தம்பி விச்சியனுக்கு, அக்கா லம்துவன் எழுதுவது.

ஜப்பானில் குளிர் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை வந்துவிட்டது, நாற்று நட ஆள் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் அழுது தொலைப்பேன். இதை முழுதாகப் படி.

உன் அத்தானின் கண் மஞ்சளாகிவிட்டது. இருபது நாளாகிறது. முதலில் வெயில் என்றார், பிறகு சாராயம் என்றார். உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேன் பார்த்தது உன்னிடம் படித்த டாக்டர் நரிசரா. பித்தக்குழாயில் கட்டி, ஈரலுக்குள் ஓடிவிட்டது, கணையத்தையும் பிடித்திருக்கிறது என்றாள். "வயித்தைத் திறந்தா திரும்ப மூடத்தான் முடியும் அக்கா. சார்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று என்னைவிட அதிகமாக அழுதாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

நீ இருபத்தைந்து வருஷமாக அறுத்தது இந்தக் கட்டியைத்தானே. அறுத்து அறுத்து அலுத்துப்போய், "வந்த பிறகு வெட்டி என்னக்கா பிரயோஜனம், வராம தடுக்கணும்" என்று நம் ஊருக்கே ஆராய்ச்சியைக் கொண்டுவந்தாய். பச்சைமீனோடு ஈரலுக்குள் போகும் புழுதான் இந்தக் கட்டிக்கு வித்து என்று, வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு டப்பா கொடுத்து, மலத்தில் அந்தப் புழுவின் முட்டையைத் தேடினாய். டப்பாவில் எண் எழுதினவள் நான். எனக்கு நாற்பத்தாறு, உன் அத்தானுக்கு நாற்பத்தேழு.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

முதல் வருஷம் டப்பாவைக் கொடுத்ததும் அவர் குதித்தார். "என் பீயை உன் தம்பி பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணுமா? மச்சினன் முன்னாடி எனக்கு மானம் மரியாதை வேணாமாடி? நீ அவன்கூடப் பொறந்தவ, உனக்கென்ன வெக்கம்? ரெண்டையும் நீயே ரொப்பிடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொப்பிவிட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே. பன்னிரண்டு வருஷம், விச்சியன். இரண்டு டப்பாவும் நான்தான்.

நான் பச்சைமீனைத் தொடமாட்டேன், உனக்குத் தெரியும். அவருக்கோ ஏரியில் மீன் ஏறிவிட்டால் போதும், எலுமிச்சையும் மிளகாயும் வறுத்த அரிசிப்பொடியும் போட்டுப் பச்சையாகவே பிசைந்து தின்ன வேண்டும். முடிவுத் தாளில் சுத்தம், சுத்தம் என்று வர வர, அது தன்னுடையதுதான் என்றே நம்பிவிட்டார். நானும்தான், பாவி. புழு இருந்தவர்களுக்குத்தான் நீ மாத்திரை கொடுத்தாய். அவர்களைத்தான் ஸ்கேன் வண்டிக்குக் கூப்பிட்டாய். நாற்பத்தேழை ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை.

நீயோ, "இவ்வளவு பச்சைமீன் தின்னும் ஒரு புழு ஒட்டல. அத்தான் ஈரல்ல ஏதோ காவல் இருக்குக்கா!" என்று அவரைக் கட்டிப்பிடித்தாய். அந்தக் காவலைத் தேடித்தானே அவர் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஜப்பான் போனாய்? விமான நிலையத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். காவல் ஒன்றும் இல்லை, தம்பி. தேடாதே.

கட்டி என்பது அவருக்குத் தெரியும், கை மீறிவிட்டது என்பது தெரியாது. "ஊர்ல எத்தனை பேரைக் கிழிச்சுத் தெச்சவன், என்னை விட்ருவானா? வரட்டும் என் மச்சினன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நேற்று அவரே ஒரு டப்பாவை ரொப்பி, எண்ணும் எழுதி என்னிடம் நீட்டினார். "இது என்னோடதுதான்னு அவன்கிட்ட மறக்காம சொல்லு." நீ இல்லாததால் இந்த வருஷம் டப்பா வாங்க யாரும் வரவில்லை. குளியலறை மூலையில் வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை.

போன வாரம் ஊர்ப் பெரியவர்கள் கூடி, நோயில் விலகிப்போன அவர் உயிரைத் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டு, அது தங்கக் கையில் வெள்ளைநூல் கட்டினார்கள். அதில் ஒரு துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், மணிக்கட்டில் கட்டிக்கொள். வெட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். வெட்ட வேண்டாம். வந்து அவர் பக்கத்தில் உட்கார், அது போதும். உன் ஆராய்ச்சி ஏட்டில் அவர் எண்ணுக்கு நேரே இருக்கும் பொய்யையெல்லாம் அழித்துவிடு. நாற்பத்தேழு என்ற எண்ணை மட்டும் அடித்துவிடாதே, தம்பி.

உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

அக்கா,
லம்துவன்