இடப்பக்கம் சாயும் நான்கு வரிகள்

இன்று காலை, நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் அலுமாரியைத் துடைக்கும்போது அந்தப் பையை எடுத்தேன். ஈரக்காற்று வீசினால் இன்னும் நனைந்த மரப்பட்டை மணக்கிறது. உன் நினைவு வந்தது.

வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்கள் பின்னிய பை அது. கப்பலில் வேலை செய்த அவருடைய கணவர் வாங்கி வந்ததாம். தறி கிடையாது. இரண்டு தடிகளுக்கிடையே கயிறு கட்டி, அதில் பட்டை நார்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாரையும் இரண்டு கம்பளி இழைகள் முறுக்கிப் பிடிக்க, விரலாலேயே சுற்றிச் சுற்றிப் பின்னுவார்கள்.

அப்போது எனக்கு அது வெறும் அழுக்குப் பை. சின்யோரா நாப்போலிக்குப் போயிருந்த வாரம் சுடுநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தேன். சாயம் கரைந்தது. வாய்ப்பக்கம் நான்கு வரிகள் குலைந்தன. என் பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியில் தங்கும் அனுமதிக் கடிதம், புதுப்பிக்கிற நேரம் அது. சின்யோரா தரும் வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் கடிதம் இல்லை.

அப்போது இந்த வீட்டில் சமையல் உன் பொறுப்பு. வந்து பார்த்துவிட்டு, "எடி, உனக்கு விசரே? தோய்க்கிறதுக்கு இதென்ன பெட்சீட்டே?" என்றாய். கபோ சந்தையில் சிவப்புக் கம்பளி வாங்கி வந்தாய். இரண்டு கதிரைகளுக்கு நடுவில் பையைக் கட்டி, குலைந்த இடத்தை இரண்டு நாள் உற்றுப் பார்த்துப் பார்த்தே பின்னி முடித்தாய். ஆனால் நீ இடக்கைக்காரி. மற்ற வரிகளெல்லாம் வலப்பக்கம் சாய, உன்னுடைய நான்கும் இடப்பக்கம் சாய்ந்தன. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

சின்யோரா வந்ததும் கவனித்தார். பையில் கை வைத்தது யார் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், "நான்தான் தோய்ச்சனான், சின்யோரா," என்று இத்தாலியனில் சொல்லிவிட்டாய். அன்றோடு உன் வேலை போனது.

படியிறங்கும்போது, "நீ ஏதும் கதைச்சியெண்டால் உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன். என்ரை பெர்மெஸ்ஸோ கையிலை கிடக்கு, உன்ரையைப் பார்," என்றாய். நான் கதைக்கவில்லை. உனக்கு வேறு வேலை கிடைக்க நான்கு மாதமானது. ஞாயிறுகளில் ஒன்றாகச் சாப்பிட்டோம். நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போன மாரியில் நீ செத்துப்போனாய்.

இன்று பையைப் பார்த்துச் சின்யோரா சொன்னார்: "நல்ல கை அவளுக்கு. அதைக் கழுவாமல் விட்டிருக்கலாம்."

"கழுவினது நான்," என்றேன்.

அவர் உன் நான்கு வரிகளும் வெளியே தெரியும்படி பையைத் திருப்பி வைக்கச் சொன்னார். என் கடிதமெல்லாம் இப்போது சரி. இப்போது சொல்வதால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மிஞ்சிய சிவப்பு நூலை அன்று என்னிடம் தந்தாய். அது இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அதை எடுத்து இடக்கையால் முறுக்கிப் பார்க்கிறேன். எனக்கு வரவில்லை.